‘வென்றது’ என்ற சொல்லுக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ‘போதையும் ஆளுமைக் கோளாறும்: எந்தச் சிகிச்சை வென்றது?’ என்ற கட்டுரை வந்திருந்தது. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஒரு பெண்ணைப் பெற்ற தகப்பனாக. அடுத்த இரண்டு தடவை, நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்தி வயிறு வளர்த்தவனாக. அச்சுப்பிழை ஒன்றுகூட இல்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்து, மிகக் கூடாத இடத்தில் அடங்கி இருக்கிறது. இந்தக் காலத்தில் அதுவே அதிசயம். பிழை தலைப்பில்தான். ‘வென்றது’ என்று இருக்கிறதே, அந்தச் சொல்.

கட்டுரையாளர் எடுத்துக்கொண்டது சியாட்டில் நகரில் மார்ஷா லினஹன் குழுவினர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு. ஹெராயின் பழக்கமும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறும் (உணர்ச்சியும் உறவும் நிலைகொள்ளாமல் தத்தளிக்கிற மனநலக் கோளாறு) சேர்ந்தே இருந்த 23 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, லினஹன் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுச் சிகிச்சை, சுருக்கமாக டிபிடி. மற்றதற்கு, நோயாளி சொல்வதை ஏற்று, புரிந்துகொண்டு, ‘மாறு’ என்று நெருக்காமல் கூடவே இருக்கிற ஒரு சிகிச்சை; அதோடு, போதையை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற பன்னிரண்டு படிக் குழுக் கூட்டங்கள். ஒரு வருடம் நடந்தது. கடைசி நான்கு மாதத்தில் இரண்டாவது பிரிவில் ஹெராயின் உபயோகம் மறுபடி ஏறியது, டிபிடி பிரிவில் ஏறவில்லை. இதுவரை சரி. இங்கே கட்டுரையாளர் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, ‘ஆகவே ஒரு போதைக்கு இன்னொரு போதையை மருந்தென்று கொடுப்பதை விட்டு, சரியான பேச்சுச் சிகிச்சையைத் தேடுங்கள்’ என்று குடும்பங்களுக்குப் புத்தி சொல்கிறார்.

அந்த 23 பேரும் மருந்து எடுத்தார்கள், ஐயா. இரண்டு பிரிவும்தான். லாம் என்று ஒரு மருந்து, ஹெராயினுக்கு மாற்றாக மருத்துவர்கள் கொடுக்கிற மெத்தடோனின் உறவுக்காரன், இரண்டு மூன்று நாள் உடம்பில் தங்கும். வாரம் மூன்று முறை கொடுத்தார்கள். அதிகம் பேருக்குப் போன அளவு 90, 90, 130 மில்லிகிராம். மூன்றாவது வேளை பெரிதாக இருப்பது வாரக் கடைசியின் நீண்ட இடைவெளியைத் தாங்குவதற்கு. அந்த மருந்து இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று பிறகு கண்டுபிடித்து ஐரோப்பாவில் 2001-இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 2003-இல் கைவிட்டார்கள். அது போகட்டும், இன்று அந்த இடத்தில் மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் இருக்கின்றன. நான் சொல்ல வந்தது, பந்தயத்தில் ஓடிய இரண்டு பேரும் ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடியதைப் பார்த்துவிட்டு, ‘செருப்பைக் கழற்றுங்கள், ஓட்டம்தான் முக்கியம்’ என்று எழுதியிருக்கிறார். என் வீட்டில் ஒரு தடவை அந்தச் செருப்பைக் கழற்றினோம். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு இப்போது 37 வயது. 26 வயதில் முதுகுத்தண்டில் அறுவை நடந்தது. வலிக்குக் கொடுத்த ஓபியாய்டு மாத்திரை (அபின், ஹெராயின் வகையைச் சேர்ந்த வலி மருந்து), வலி போன பிறகும் போகவில்லை. அவள் பிற்பாடு சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: “முதுகு வலிக்குத்தான்பா குடுத்தாங்க. அது எனக்கு எல்லா வலிக்கும் கேட்டுச்சு.” பதினைந்து வயதிலிருந்தே அவளுக்குள் ஒரு வலி இருந்ததை, முழுக்கைச் சட்டைக்குள் எதை மறைக்கிறாள் என்பதைக் கவனித்திருந்தால், நாங்கள் அறிந்திருப்போம். காலையில் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள்; மாலையில் ‘நீங்க செத்தாலும் வர மாட்டேன்’ என்பாள். இரண்டுமே அவளுக்கு அந்தந்த நேரத்தில் நிஜம் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே வருடக்கணக்கு ஆனது. பார்டர்லைன் என்று 30 வயதில் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு சொல்லாராய்ச்சி (தொழில் புத்தி, மன்னிக்கவும்). நரம்புத் தளர்ச்சி வகை நோய்க்கும் மனச்சிதைவு வகை நோய்க்கும் எல்லையில் நிற்பவர்கள் என்ற பொருளில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1938-இல் எழுதியது. 1980-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் ஏறியது. எல்லை பற்றிய அந்தக் கொள்கை எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. உங்கள் கட்டுரையில் ‘எல்லைக்கோட்டு ஆளுமை’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். படிப்பவர்கள் ‘எல்லை மீறுகிறவள்’ என்று எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெயர் தெரிந்ததும் கதவு திறக்கும் என்று நினைத்தோம். நடந்தது வேறு. மனநல மருத்துவமனையில் ‘முதலில் போதையை விட்டுவிட்டு வாருங்கள்’ என்றார்கள். மறுவாழ்வு மையத்தில் சேர்க்கைப் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இந்த மாதிரி கேஸ் மற்றவர்களையும் கெடுத்துவிடும், முதலில் மனநலத்தைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்’ என்றார்கள். ‘முதலில்’ என்ற சொல்லை இரண்டு மாதத்தில் எத்தனை பேரிடம் கேட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. கடைசியில் ஒரு மையம் எடுத்துக்கொண்டது. பத்து நாளில் உடம்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, மருந்து ஒன்றும் இல்லாமல், ‘சுத்தமாக’ வீட்டுக்கு அனுப்பியது. பதினெட்டாம் நாள் ராத்திரி அவள் பழைய அளவை எடுத்துவிட்டாள்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பத்து நாள், இருபது நாள் நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். மனதிலோ பழைய அளவுதான் பதிந்திருக்கும். முந்தைய மாதம் வெறுமனே சமாதானப்படுத்திய அளவு, இப்போது மூச்சை நிறுத்தும். அன்று ராத்திரி அவள் அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. கனமான, தண்ணீருக்குள்ளிருந்து வருவது போன்ற குறட்டை. “ரொம்ப நாள் கழிச்சு அசந்து தூங்குறா, எழுப்பாதீங்க” என்றாள் என் மனைவி. நானும் சரியென்று விளக்கை அணைக்கப் போனேன். அவளுடைய உதடு நீலம் பூத்திருந்தது. அந்த விளக்கை அணைக்கப் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. ஆம்புலன்ஸில் வந்தவர், ஓபியாய்டின் வேலையை முறிக்கிற நலாக்சோன் போட்டார், மூச்சு திரும்பியது. நலாக்சோனின் வேகம் தணிந்ததும் மறுபடி மூச்சு அடங்கலாம் என்பதற்காக விடியும் வரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறட்டை தூக்கமில்லை, மூச்சுக்குழாய் அடைபடுகிற சத்தம். உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூடுதலாக இடம் இருந்தால் நான் அதைத்தான் அச்சேற்றச் சொல்வேன்.

அதன் பிறகுதான் பியூப்ரினார்ஃபின். முதல் மாத்திரையைக் கேட்டவுடனே கொடுத்துவிட மாட்டார்கள். பழைய ஓபியாய்டு உடம்பில் இருக்கும்போது கொடுத்தால், அதை இடத்தைவிட்டுத் தள்ளிவிட்டு இது உட்காரும். போதை இறங்கும்போது வருகிற தவிப்பு ஒரேயடியாக வெடிக்கும். ஆகவே தவிப்பு தானாகத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த டாக்டர் அம்மா எதிரில் உட்கார்ந்து கொட்டாவியை எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணில் நீர், மூக்கில் நீர், கை மயிர் குத்திட்டு நிற்பது, கண்மணி விரிவது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். போதுமான மதிப்பெண் வந்த பிறகு நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. விழுங்கினால் பாதிக்கு மேல் வீண், கரைய வேண்டும், அதுவரை பேசக் கூடாது.

இந்தப் பேசக் கூடாத நேரம் எங்கள் வீட்டில் ஒரு பெரிய விஷயம் ஆயிற்று. தினம் காலை எட்டு மணிக்கு அவள் மாத்திரையை வைத்துக்கொண்டு என் எதிர் நாற்காலியில் உட்காருவாள். ஐந்து நிமிடம், சில நாள் பத்து. நான் மெய்ப்புப் பார்ப்பேன், அவள் என் தாளைத் தலைகீழாகப் படிப்பாள். அந்தக் காலத்தில் நாங்கள் இருவரும் சண்டை போடாமல் ஒரே அறையில் இருந்த நேரம் அது ஒன்றுதான். ஒரு நாள் வாயைத் திறக்காமல் விரலால் தாளில் ஒரு இடத்தைத் தட்டினாள். ‘ஒருப் பெண்’ என்று இருந்ததை நான் விட்டிருந்தேன்.

மருந்து ஆளுமைக் கோளாறைத் தொடவில்லை. அதைத் தொடுவதற்கு ஆளை உயிரோடு உட்கார வைத்தது. ஓரிரு மாதத்தில் டிபிடி ஆரம்பித்தோம். டயலெக்டிகல் என்பது நான் மார்க்சியப் புத்தகங்களில் ‘முரணியக்கம்’ என்று ஆயிரம் தடவை மெய்ப்புப் பார்த்த சொல். மனநல ஆஸ்பத்திரி வராந்தாவில் அதை மறுபடி சந்திப்பேன் என்று நினைக்கவில்லை. இங்கே அதன் பொருள்: ‘நீ இருக்கிறபடியே சரி’ என்பதும் ‘நீ மாறியே ஆக வேண்டும்’ என்பதும், ஒன்றை ஒன்று அழிக்காமல் சேர்ந்தே நிற்பது. போதை விஷயத்திலும் அப்படியே. இனி தொடவே மாட்டேன் என்று முழுசாகச் சபதம் எடுக்க வேண்டும். தொட்டுவிட்டால் அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்றும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். இரண்டும் எப்படி ஒரே வாயில் வரும் என்று நான் சண்டை போட்டேன். வரத்தான் செய்கிறது.

வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு பயிற்சி வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் போன் செய்யலாம். தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிறகு போன் செய்தால் 24 மணி நேரத்துக்கு அந்தச் சிகிச்சையாளரிடமிருந்து அந்த உதவிப் பேச்சு கிடையாது, அதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். தினமும் ஒரு அட்டை: இன்று கோபம் எத்தனை, வெட்கம் எத்தனை, போதை வேட்கை எத்தனை, எடுத்தாயா, பொய் சொன்னாயா. ஆமாம், பொய்க்கும் ஒரு கட்டம் இருந்தது. இன்னொரு விதி: தொடர்ந்து நான்கு வாரம் வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது.

என் மகள் நான்கு வாரம் போகவில்லை.

இப்போது அந்த ஆய்வுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் கட்டுரையாளர் விட்டுவிட்ட பாதி இங்கே இருக்கிறது. டிபிடி பிரிவில் 64 சதவீதம்தான் வருடக் கடைசி வரை நின்றார்கள். 11 பேரில் 7. மற்றதில் 12 பேரும் நின்றார்கள். ஒருவர்கூடப் போகவில்லை! எந்தக் கதவிலும் நிற்காதவர்கள் என்று பெயர் வாங்கிய பெண்கள், ஹெராயினோடு, ஒரு வருடம் முழுக்க. இதை எழுதாமல் ‘தோற்றது’ என்று எப்படி எழுத மனம் வந்தது? அதோடு, சேர்ந்து 16 மாதம் ஆனபோது, அதாவது சிகிச்சை முடிந்து நான்கு மாதம் கழித்து, சிறுநீர்ப் பரிசோதனையில் ஓபியாய்டு தென்பட்ட விகிதம் டிபிடி பிரிவில் 27, மற்றதில் 33 சதவீதம். இரண்டுமே குறைவுதான். மனநிலையும் இரண்டு பிரிவிலும் தேறியிருந்தது. எல்லாம் 23 பேரை வைத்து. ஒரு பேருந்தில் பாதி.

மகளை அந்த நேரத்தில் பிடித்து நிறுத்தியது ‘தோற்ற’ வகைதான். ஒரு ஆலோசகர் அம்மா. எந்தத் திறமையும் கற்றுக்கொடுக்கவில்லை, எந்த அட்டையும் இல்லை. மாதக் கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். ‘அப்படி இருந்தா யாருக்குத்தான் தாங்கும்’ என்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. பணமும் நேரமும் வீண் என்று மனைவியிடம் புலம்பினேன். பதினொரு மாதம் ஒரு வாரம்கூட விடாமல் போனாள். கூடவே வாரம் இரண்டு நாள் பன்னிரண்டு படிக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் ஒரு முள் இருந்தது: மருந்து எடுப்பவர்கள் உட்காரலாம், பேசக் கூடாது என்றார்கள். அவள் ஒரு வருடம் பேசாமல் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண் இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறாள். கூட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த ஒரு வழக்கத்தைச் சொல்வேன்.

ஆனால் அந்த ஆய்வின் கடைசி நான்கு மாதமும் எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. வருடம் முடியும் சமயம் அவள் சறுக்கினாள், ஆலோசகரிடம் சொல்லவில்லை. பரிசோதனை சொன்னது. இதற்கு நேராக ஒரு வரி அந்த ஆய்வில் உண்டு, என்னை மிகவும் யோசிக்க வைத்தது அதுதான்: டிபிடி எடுத்தவர்கள் ‘எடுத்தேன்’, ‘எடுக்கவில்லை’ என்று தாங்களே சொன்னது, பரிசோதனை முடிவோடு மற்றவர்களைவிட அதிகம் ஒத்துப்போனது. ஏன் என்று எனக்கு ஒரு ஊகம். அன்பாகக் கேட்கிறவரிடம் தோல்வியைச் சொல்ல வெட்கம் வரும். அட்டைக்கு வெட்கம் கிடையாது. ஊகம்தான்.

இரண்டாவது முறை டிபிடி சேர்ந்தபோது சிகிச்சையாளர் வேறு. போதைப் பழக்கமும் சேர்ந்து உள்ளவர்களில் சிலரை லினஹன் வண்ணத்துப்பூச்சி என்கிறார்; கையில் உட்காரும், பறந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் வராமல் போனால் சிகிச்சையாளர்தான் தேடிப் போக வேண்டும் என்று போதை நோயாளிகளுக்கான டிபிடி-யில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். மகளின் இந்தப் புதுச் சிகிச்சையாளர் முதல் மாதத்தில் வாரம் மூன்று தடவை சும்மாவே போன் செய்தார். மூன்றாம் வாரம் மகள் வரவில்லை என்றதும் எங்கள் தெருமுனைக்கே வந்து நின்றுவிட்டார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். நல்ல டிபிடி, தன்னிடம் இல்லாததை அந்த மற்றச் சிகிச்சையிடமிருந்து வாங்கிக்கொண்டது என்று எனக்குத் தோன்றியது. கெட்டவன் தோற்று நல்லவன் ஜெயிக்கிற கதையாக இதை எழுத முடியாது.

மற்ற ஒப்பீடுகளையும் படித்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. சாமுவேல் பால் என்பவர் 2007-இல், மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்த, ஆளுமைக் கோளாறும் உள்ள 30 பேரிடம் ஸ்கீமா வகைச் சிகிச்சையையும் (சிறு வயதிலிருந்தே ஊறிப்போன எண்ண வார்ப்புகளை மாற்றப் பார்ப்பது) பன்னிரண்டு படி வகையையும் ஒப்பிட்டார். முதலாவதில் போதை உபயோகம் வேகமாகக் குறைந்தது, சிகிச்சையாளரோடு பிணைப்பும் இறுகியது. மனச்சோர்வும் கசப்புமான உணர்ச்சி குறைந்து, குறைந்தபடியே நின்றது இரண்டாவதில்! கனடாவில் 2009-இல் 180 பேரை வைத்து, போதையைச் சேர்க்காமல் பார்டர்லைனுக்கு மட்டும், டிபிடி-யையும் அனுபவமுள்ள மனநல மருத்துவர்கள் கொடுத்த ஒழுங்கான பொதுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு தேற்றின. பார்த்த எதிலும் ‘வென்றது’ என்று தலைப்பு வைக்க எனக்குத் துணிவு வராது. எல்லாவற்றிலும் பொதுவாக இருந்ததைச் சொல்லலாம்: ஓபியாய்டு ஆய்வுகளில் மருந்து, எல்லா ஆய்வுகளிலும் மாதக் கணக்கில் ஒரே ஆள், திட்டமிட்ட ஒழுங்கு. எங்கள் மறுவாழ்வு மையம் பத்து நாளில் பறித்துக்கொண்டது இந்த மூன்றையும்தான்.

மெத்தடோனும் பியூப்ரினார்ஃபினும் 2005-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறிவிட்டன. உங்கள் பக்கத்தில் அவற்றை ‘இன்னொரு போதை’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த வரியை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, ‘பேப்பர்லயே போட்டிருக்கான்’ என்று ஒரு வீட்டில் ஒரு தகப்பன் தன் பெண்ணின் மாத்திரையை நிறுத்துவான். நானே நிறுத்தியிருப்பேன், எட்டு வருடத்துக்கு முன்னால். ஆகவே அடுத்த ஞாயிறு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். மூன்று வரி போதும்: ஆய்வில் இரு பிரிவினரும் ஓபியாய்டு மாற்று மருந்து எடுத்தனர், வருடம் முழுக்க எல்லோரையும் தக்கவைத்தது கட்டுரை தோற்றதாகச் சொன்ன சிகிச்சை, மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்த வேண்டாம். கடைசி வரியைத் தடித்த எழுத்தில்.

என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். எனக்காக அல்ல. இந்தக் கடிதத்தை அனுப்பலாமா என்று மகளிடம் கொடுத்தேன். நேற்றுக் காலை மாத்திரை கரையும் நேரத்தில் படித்தாள். ‘அவள் இப்போது முற்றிலும் குணமாகி’ என்று நான் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டாள்; அதனால் அது இங்கே இல்லை. அதற்கடுத்து ‘சென்ற வருடம் இரண்டே தடவை சறுக்கினாள்’ என்று இருந்தது. அதில் ‘இரண்டே’ என்பதை வட்டமிட்டு, ஓரத்தில், நான் சொல்லிக்கொடுத்த திருத்தக் குறியோடு, ‘மூன்று’ என்று எழுதினாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்